விண்ணிலே ஓர் உழைப்பாளி

விண்வெளி என்றதும் நம் நினைவுக்கு வருவது வீரம், வெற்றி முழக்கம், வீதியெங்கும் தோரணம். 1961இல் உலகைச் சுற்றி வந்த ககாரின் பெயரைப் பள்ளிப் பிள்ளையும் அறிவான். ஆனால் விண்ணிலே அமைந்த வீட்டில் முதன் முதலாகக் குடியேறி, விடிந்தால் வேலை, முடிந்தால் உறக்கம் என்று வாழ்ந்து காட்டிய மூவரை எத்தனை பேர் அறிவர்? அந்த மூவரில் ஒருவர் விக்டர் பத்சாயெவ். அவருடைய வாழ்வு சாகசக் கதையல்ல; உழைப்பின் கதை. உழைப்பவன் உயிருக்கு உலகம் என்ன காப்பு அளிக்கிறது என்று கேட்கும் கதை.

1933ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், கஜக் நாட்டு அக்த்யூபின்ஸ்க் நகரில் அவர் பிறந்தார். மாஸ்கோவைக் காக்க நடந்த போரில் 1941இல் தந்தை மாண்டார். தந்தையை இழந்த பிள்ளை, பென்சா நகரத் தொழிற்கல்லூரியில் பயின்று 1955இல் பொறியாளரானார். வானிலை ஆராயும் ராக்கெட்டுகளுக்குக் கருவிகள் வடிவமைப்பதே அவர் ஏற்ற முதற் பணி. மேகம் மண்டிய வானத்தை அண்ணாந்து பார்த்துக் கருவி செய்தவர், அதே மேகத்தைக் குனிந்து பார்க்கும் காலமும் வந்தது!

1958இல் ராக்கெட் மேதை கொரலேவின் நிறுவனத்தில் சேர்ந்தார். பத்தாண்டு உழைப்புக்குப் பின் விண்வெளிப் பயிற்சி பெற்றார். 1971 ஏப்ரல் 19இல் சல்யூத் என்னும் முதல் விண்வெளி நிலையத்தைச் சோவியத் யூனியன் ஏவியது. முதலில் சென்ற குழுவினரால் அதற்குள் நுழைய முடியவில்லை. அடுத்துச் செல்ல வேண்டியவர்கள் லியோனவ், குபாசவ், கொலோதின் ஆகிய மூவர். புறப்படச் சில நாட்களே இருக்கையில் குபாசவின் நுரையீரலில் ஏதோ நிழல் தெரிகிறதென மருத்துவர்கள் கூறவே, மாற்றுக் குழுவுக்கு அழைப்பு வந்தது. டொப்ரவோல்ஸ்கி தலைவர், வோல்கோவ், பத்சாயெவ் துணைவர்கள். ஜூன் 6ஆம் நாள் புறப்பட்டு, மறுநாள் நிலையத்தை அடைந்தார்கள். அதன் வாயிலைத் திறந்து முதலில் உள்ளே புகுந்தவர் பத்சாயெவ்.

அங்கே அவரை வரவேற்றது எது? புகை நெடி! காற்றோட்ட விசிறிகள் பழுதாகிக் கிடந்தன. விசிறிகளை மாற்றிவிட்டு, காற்று தூய்மையடையும் வரை தங்கள் கலத்திலேயே காத்திருந்தார்கள். விண்வெளி நிலைய வாழ்வு தொடங்கியது முழக்கத்தோடு அல்ல, பழுது பார்ப்பதோடு!

அதன் பின் ஒவ்வொரு நாளும் வேலை நாளே. ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். எடையற்ற நிலையில் தசை தளரும். ஆகவே நாள்தோறும் உடற்பயிற்சி. அவர்கள் ஓடினால் நிலையமே அதிரும்! நாடி பார்ப்பது, இரத்தம் எடுத்து வைப்பது, சிறு தோட்டத்திலே செடி வளர்ப்பது, கருவிகளைச் சரிபார்ப்பது எல்லாம் அவர்கள் கையால் நடந்தன. ஆர்மீனிய அறிஞர் குர்சத்யான் படைத்த ஓரியன் தொலைநோக்கியைப் பத்சாயெவ் இயக்கினார். நம்மவர் அபிஜித் என்றழைக்கும் வேகா விண்மீனின் புற ஊதா ஒளியை அது பதிவு செய்தது. காற்று மண்டலம் தடுத்துவிடும் ஒளி அது. காற்றுக்கு அப்பால் நின்று தொலைநோக்கியை இயக்கிய முதல் மனிதர் அவரே.

சாளரத்துக்குக் கீழே பூமி சுழன்றது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு சுற்று. ஒரு நாளில் ஏறத்தாழ பதினாறு விடியல், பதினாறு அந்தி! கண்டு களிப்பதற்கு மட்டுமா அந்தக் காட்சி? மேகக் கூட்டத்தையும் பனி மூடிய பரப்பையும் நிலத்தின் அமைப்பையும் படமெடுத்துக் குறித்து அனுப்பினார்கள். உழவனுக்கும் மாலுமிக்கும் பயன்படும் வானிலை அறிவை வளர்க்கும் பணி அது. ஜூன் 19இல் தம் 38ஆம் பிறந்த நாளையும் அவர் அங்கேயே கொண்டாடினார். இடையில் மின்கம்பி கருகிப் புகை எழுந்தது. தப்பிச் செல்லவும் ஆயத்தமானார்கள். ஆபத்து அடங்கியதும் மீண்டும் பணிக்குத் திரும்பினார்கள்.

இருபத்து மூன்று நாட்களுக்கு மேல் விண்ணில் இருந்துவிட்டு, ஜூன் 30ஆம் நாள் பூமிக்குத் திரும்பும் வழியில் கலத்தின் பகுதிகள் பிரிந்தன. தரையை நெருங்கும்போது திறக்க வேண்டிய காற்று வால்வு, பிரிந்த அதிர்ச்சியில், 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்து கொண்டது. உள்ளிருந்த காற்று வெளியேறியது. அதைக் கையால் மூட அவர்கள் முயன்றிருக்கிறார்கள். பாதி மூடிய நிலையில் வால்வு காணப்பட்டது. முழுவதும் மூடத் தேவைப்பட்ட நேரம், அவர்களுக்கு நினைவு இருந்த நேரத்தைவிட அதிகம். கலமோ பழுதின்றிக் கஜக் மண்ணில் இறங்கியது. வரவேற்க ஓடியவர்கள் கதவைத் திறந்தார்கள். இருக்கையில் மூவரும் உயிரற்றிருந்தார்கள். எந்த மண்ணில் பிறந்தாரோ அந்த மண்ணுக்கே பிணமாகத் திரும்பினார் பத்சாயெவ்!

அவர்கள் காற்றழுத்த உடை அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஏன் அணியவில்லை? உடையோடு மூவர் அமரக் கலத்தில் இடமில்லை. மூவர் செல்ல வேண்டும் என்ற ஆவலில் உடை விலக்கப்பட்டது. இயற்கை கொன்றதென்றோ, விதி கொன்றதென்றோ சொல்லித் தப்ப முடியாது. வால்வின் பழுதை உயிர்ப்பலியாக்கியது, மனிதர் செய்த அந்த முடிவு.

அதன் பின் பாடம் கற்றார்கள். 1973இல் மீண்டும் சோயூஸ் பறந்தபோது இருவர் மட்டுமே சென்றார்கள், உடையோடு சென்றார்கள். மூவராகப் பறக்க 1980 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏறும்போதும் இறங்கும்போதும் உடை என்பது விதியாயிற்று.

கிரெம்ளின் மதிலில் மூவரின் அஸ்தியும் வைக்கப்பட்டது. சந்திரனின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்குப் பத்சாயெவ் பெயர் உண்டு. ஆனால் அவருக்கு எழுப்பப்பட்ட உண்மையான நினைவுச் சின்னம், பின்னால் வந்தவர்கள் அணிந்த அந்த உடைதான். சுரங்கமானாலும், ஆலையானாலும், விண்வெளியானாலும் உழைப்பவனின் காப்பு, இடமிருந்தால் தருகின்ற சலுகையல்ல. அதற்கு இடமில்லையென்றால் பயணமே நிற்கட்டும். ஆள் இறந்த பிறகு வருகிற விதி, அவன் இருக்கும்போதே வரவேண்டிய விதி!