அறத்தை வாழ்ந்து காட்டிய ஜான் உல்மன்

தீமையைக் கண்டிப்போர் உலகில் பலர். அத்தீமையால் விளையும் நலன்களில் தமக்கும் பங்குண்டு என்பதை உணர்ந்து, அப்பங்கினை வேண்டாமென விலக்கியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் உல்மன். அடிமைத் தளையில் துன்புற்ற பிலால் (ரலி) அவர்களை அபூபக்கர் (ரலி) அவர்கள் விலை கொடுத்து மீட்ட வரலாற்றை நாம் அறிவோம். அதே அறத்திற்காக வேறொரு சமயத்தில் தோன்றி உழைத்த இப்பெரியாரின் வாழ்வையும் ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் சமயமும்

ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நியூஜெர்சியில், உழவர் குடும்பம் ஒன்றில் 1720ஆம் ஆண்டு உல்மன் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தோற்றுவித்த பிரிவு அது. இறைவனின் ஒளி ஒவ்வொரு மனிதர் உள்ளத்திலும் உண்டு என்பது அவர்களின் நம்பிக்கை. ஒன்றுகூடி மௌனமாக அமர்ந்து வழிபடுவர், போரில் பங்கு கொள்ளார், எளிமையைப் போற்றுவர். ஆயினும் அவர்களுள்ளும் பலர் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். இம்முரண்பாடே உல்மனின் உள்ளத்தை உலுக்கியது.

எழுத மறுத்த கை

இருபது வயதைக் கடந்த உல்மன் மவுண்ட் ஹோலி என்னும் ஊரில் ஒரு கடையில் பணியாற்றி வந்தார். கடை உரிமையாளர் தம் அடிமைப் பெண்ணொருத்தியை விற்று, அதற்குரிய விற்பனைப் பத்திரத்தை எழுதுமாறு ஒருநாள் பணித்தார். வாங்கியவரும் குவேக்கரே. உல்மன் பத்திரத்தை எழுதிவிட்டார். எனினும் இச்செயல் சமயத்திற்குப் பொருந்தாது என இருவர் முன்னிலையிலும் கூறினார். அப்போதும் அவர் மனம் அமைதியடையவில்லை. பின்னாளில் இத்தகைய பத்திரங்களை எழுத அவர் அடியோடு மறுத்தார்.

உடலில் அடிபட்டிருந்த அண்டை வீட்டார் ஒருவர் உயிலெழுதக் கேட்டபோது, அடிமையைப் பற்றிய பகுதியை மட்டும் விடுத்து ஏனையவற்றை எழுதினார். அதற்குக் கூலியும் பெறவில்லை. இருவரும் மனம் விட்டு உரையாடினர். முடிவில் அம்மனிதர் அடிமையை விடுவிக்க இசைந்தார், உயிலும் நிறைவுற்றது. கடுஞ்சொல் கூறாது மனச்சான்றைத் தொடுவதே உல்மனின் வழியாக இருந்தது.

பயணங்களும் பயனும்

1746இல் தென்பகுதிக் குடியேற்றங்களுக்குச் சென்று அடிமைகளின் அவலத்தை நேரிற் கண்டார். அதன் விளைவாக எழுதிய நூலை 1754இல் வெளியிட்டார். கடை வணிகம் பெருகியபோது, அது உள்ளத்திற்குச் சுமையாகும் என அஞ்சி 1756இல் அதனைக் கைவிட்டு, தையல் தொழிலையும் பழத்தோட்டத்தையும் கொண்டு வாழ்ந்தார். பயணங்களில் அடிமைகளை வைத்திருந்தோர் இல்லங்களில் தங்க நேர்ந்தால், தமக்குப் பணிசெய்த அடிமைகளுக்குரிய கூலியை வெள்ளிக் காசாக அளித்தார்.

1758இல் பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர் ஆண்டுப் பேரவையில் அவர் அடிமைகளுக்காக வாதாடினார். அடிமைகளை வைத்திருக்கும் உறுப்பினர்களைச் சந்தித்து அறிவுறுத்த அப்பேரவை குழு அமைத்தது. உல்மனும் அதில் இடம்பெற்றுச் சளைக்காது உழைத்தார். போருக்கான வரியைச் செலுத்தவும் அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. 1763இல் எல்லைப்புறத்தில் போர் மூண்டிருந்த வேளையிலும், படைக்கலமின்றிச் சென்று வயலூசிங் என்னும் ஊரில் வாழ்ந்த செவ்விந்தியரை அன்புடன் சந்தித்தார்.

எளிமையின் எல்லை

அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை விலக்கினார். சாயம் அழுக்கை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை எனக் கருதிச் சாயமிடாத ஆடையும் தொப்பியும் அணிந்தார். அதனால் நண்பர்களே விலகி நின்றபோதும் மனம் தளரவில்லை. நிலம் இறைவனுடையது, ஆடம்பரத்திற்காக அதன் வளத்தை உறிஞ்சினால் பின்வரும் தலைமுறையினர் இழப்புறுவர் என்பதும் அவர் கொள்கை. சுற்றுச்சூழல் என்னும் சொல் வழங்காத காலத்து எண்ணம் இது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1772இல் கப்பலின் அடித்தளத்தில் மாலுமிகளோடு பயணம் செய்து இங்கிலாந்து சென்றார். விரைவு வண்டிகளில் பூட்டிய குதிரைகளும் அவற்றைச் செலுத்திய சிறுவர்களும் படும் துன்பம் கண்டு, அவ்வண்டிகளில் ஏறாது நடந்தே யார்க் நகரை அடைந்தார். அங்குப் பெரியம்மை கண்டு அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 51.

விதைத்தவர் கண்டிலர்

அவரது நாட்குறிப்பு நூல் 1774இல் வெளிவந்தது. 1776இல் பிலடெல்பியா குவேக்கர் பேரவை, அடிமைகளை விடுவிக்க மறுப்போர்க்குத் தன்னிடம் இடமில்லை என முடிவு செய்தது. 1787இல் இலண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்கத் தோன்றிய குழுவின் பன்னிருவரில் ஒன்பதின்மர் குவேக்கர்களே. அமெரிக்க நாடு முழுவதும் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்ததோ 1865இல்தான். விதைத்தவர் இவ்விளைச்சலைக் கண்டிலர். ஆயினும் விதைப்பதை அவர் நிறுத்தவில்லை.

நாம் உடுக்கும் ஆடையும் உண்ணும் உணவும் எவருடைய கண்ணீரில் நனைந்து வருகின்றன என்று வினவியவர் உல்மன். அவ்வினா இன்றும் நம் முன் நிற்கிறது. அதற்கு மேடையில் அன்று, அன்றாட வாழ்வில் விடை கூறுதலே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான மதிப்பாகும்.