கூண்டில் நின்று கோடிப் பேரை வென்றவர்

1952-ம் ஆண்டு, தீபாவளித் திருநாள். தமிழகக் கொட்டகைகளில் ஒரு புதுப் படம் திரையிடப்பட்டது.

படத்தின் முடிவில் ஒரு கோர்ட்டுக் காட்சி. அதில் ஆடல் இல்லை, பாடல் இல்லை, கத்திச் சண்டையும் இல்லை. ஒல்லியான ஓர் இளைஞர் குற்றவாளிக் கூண்டில் நின்று பேசினார். அவ்வளவுதான். கொட்டகையே மூச்சு விடாமல் கேட்டது.

அந்தப் படம் "பராசக்தி". அந்த இளைஞர் சிவாஜி கணேசன்.

நாடகமே பள்ளிக்கூடம்

கணேசன் 1928-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி விழுப்புரத்தில் பிறந்தார். தந்தை சின்னையா மன்றாயர். தாய் ராஜாமணி அம்மாள்.

தந்தை சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். கணேசன் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் சிறையில் இருந்தார். தண்டனை என்பது அந்தக் குடும்பத்துக்கு வெறும் கதை அல்ல; பட்டு அறிந்த துன்பம்.

கணேசனுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. சிறு வயதிலேயே வீட்டை விட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். எங்கே சேர்த்துக்கொள்ளாமல் போய்விடுவார்களோ என்று பயந்து, தாய் தந்தை இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டார். சீதை வேடம் கூடப் போட்டார்.

அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னன் சிவாஜியாக நடித்தார். அதைப் பார்த்த பெரியார், சிவாஜி என்ற பட்டத்தைச் சூட்டினார்.

அவர் மீதே வழக்கு

"பராசக்தி" வடபழனி ஏவி.எம். ஸ்டூடியோவில் தயாரானது. கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்தார்கள். வசனம் மு. கருணாநிதி.

கொஞ்சம் படம் எடுத்ததுமே கணேசனைப் பற்றிக் குறை எழுந்தது. மிகவும் மெலிந்திருக்கிறார், வேறு நடிகரைப் போடலாம் என்று பேசினார்கள். பட அதிபர் பி. ஏ. பெருமாள் மட்டும் உறுதியாக மறுத்துவிட்டார். கணேசனுக்காக வாதாடிய வக்கீல் அவரே எனலாம். கணேசன் நிலைத்தார். எடுத்த காட்சிகளில் சிலவற்றை மறுபடியும் எடுத்தார்கள்.

கோர்ட்டுக் காட்சியின் மயக்கம்

கதையில் குணசேகரன், கோவில் பூசாரியைத் தாக்கியதாகக் கோர்ட்டுக்கு வருகிறான். தன் தங்கையைக் கெடுக்க முயன்ற பூசாரி அவன். நீதிபதி ஆசனத்தில் இருப்பவரோ குணசேகரனின் உடன் பிறந்த அண்ணன்!

அந்நாளில் கோர்ட்டுகளில் ஆங்கிலமே ஓங்கி ஒலித்தது. வக்கீல் என்ன பேசினார், ஜட்ஜ் என்ன சொன்னார் என்பது வழக்குக்காரருக்கே புரியாது. வெள்ளித்திரையில் பல ஏழைகள் ஒரு வழக்கைத் தங்கள் சொந்த மொழியில் கேட்டார்கள்.

நிஜக் கோர்ட்டில் யாரும் இப்படி நெடுநேரம் பேச முடியாது. சாட்சியும் சட்டப் பிரிவும்தான் அங்கே முக்கியம். ஆனால், என்ன செய்தாய் என்று சட்டம் கேட்க, ஏன் செய்தேன் என்று குணசேகரன் விடை சொன்னான். அதுதான் ரசிகர்களின் நெஞ்சைத் தொட்டது. பின்னாளில் நடிக்க வந்த இளைஞர்கள் பலர், அந்த வசனத்தைப் பேசிக்காட்டியே வாய்ப்புக் கேட்டார்கள்.

இந்த மயக்கம் நம் நாட்டோடு நிற்கவில்லை. 1957-ல் அமெரிக்காவில் "12 ஆங்ரி மென்" என்ற படம் வந்தது. ஓர் அறைக்குள் 12 ஜூரிகள் ஒரு பையனின் உயிரைப் பற்றி விவாதிப்பதே கதை. அதையும் உலகம் கொண்டாடியது.

கருப்பு அங்கி

1961-ல் "கப்பலோட்டிய தமிழன்" படத்தில் சிவாஜி, வ. உ. சிதம்பரம் பிள்ளையாக நடித்தார். 1908-ல் வெள்ளைக்கார நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது அந்த வக்கீலுக்குத்தான்.

1973-ல் வந்த "கௌரவம்" படத்தில் சிவாஜிக்கு இரட்டை வேடம். பாரிஸ்டர் ரஜினிகாந்த், தோல்வியே அறியாதவர். ஜட்ஜ் பதவி கிடைக்காத கோபத்தில், மனைவியைக் கொன்றவனுக்கு விடுதலை வாங்கித் தருகிறார். அடுத்த வழக்கில், அவர் எடுத்து வளர்த்த கண்ணனே எதிர்த்தரப்பு வக்கீலாக வந்து நிற்கிறான். வாதத் திறமை வேறு, நியாயம் வேறு என்பதை அந்த வீழ்ச்சி காட்டியது.

சிலைக்கும் ஒரு வழக்கு

தியாகராய நகரில் "அன்னை இல்லம்" என்ற வீட்டில் சிவாஜி வாழ்ந்தார். தாதாசாகேப் பால்கே விருது உட்படப் பல சிறப்புகள் பெற்றார். 2001-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி காலமானார்.

2006-ல் கடற்கரையில், ராதாகிருஷ்ணன் சாலை வந்து சேரும் இடத்தில், அவருக்குச் சிலை வைத்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. அகற்றும்படி தீர்ப்பு ஆனது. 2017-ல் சிலை அடையாறு மணிமண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கூண்டில் நின்று அத்தனை பேசியவர், தன் சிலையின் வழக்கில் பேச முடியவில்லை. ஆனால் அவர் கற்றுத் தந்த பாடம் நிற்கிறது. தீர்ப்புச் சொல்லுமுன், கூண்டில் நிற்பவன் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கோர்ட்டுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அது பொருந்தும்.