ஒளி தந்த திவான் ஸர் கே. சேஷாத்ரி ஐயர்

கப்பன் பூங்காவில் காலை நடை போகும் நம் அங்கத்தினர்கள், சிவப்பு நிற நூலகக் கட்டடத்தின் முன் நிற்கும் சிலையை அவசியம் பார்த்திருப்பார்கள். நானும் பல வருஷங்கள் பார்த்துக்கொண்டே கடந்து போனவன்தான். ஒருமுறை சிவசமுத்திரம் போய் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், அங்குள்ள மின் நிலையத்துக்கும் அதே பெயர் இருப்பதைக் கண்டேன். அதன் பிறகுதான் அவர் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். படித்ததில் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சேஷாத்ரி ஐயர் 1-6-1845 அன்று பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தார். தமையனார் ஆதரவில் வளர்ந்து, கோழிக்கோட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து 1868ல் பி.ஏ. தேறினார். அதே வருஷம் ரங்காசார்லு அவர்களின் அழைப்பின்பேரில் மைசூர் ஸமஸ்தானச் சேவையில் சேர்ந்தார். ரங்காசார்லு மறைந்ததும் 1883ல் திவான் பதவி இவருக்கு வந்தது. அப்போது வயது 38 கூட நிரம்பவில்லை. தொடர்ந்து 18 வருஷங்கள் அப்பொறுப்பை வகித்தார். பசவனகுடி, மல்லேஸ்வரம் குடியிருப்புகள், ஹெசரகட்டா குடிநீர்த் திட்டம், விக்டோரியா ஆஸ்பத்திரி எல்லாம் இவர் காலத்தவை. இவற்றையெல்லாம் விட என் மனதைக் கவர்ந்தது சிவசமுத்திரம் மின் திட்டம்தான்.

கோலார் தங்கச் சுரங்கங்களில் ஆழம் கூடக் கூட இயந்திரங்களுக்கு அதிகச் சக்தி தேவைப்பட்டது. நிலக்கரியையும் விறகையும் எரித்து நீராவியால் ஓட்டுவதில் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. மறுபுறம் காவேரி அருவியாய் விழுந்து கொண்டிருந்தது. அருவியின் சக்தியைப் பயன்படுத்தத் தங்களுக்கு அனுமதி வேண்டும் என்று 1890களில் தனியார் விண்ணப்பங்களும் வந்தன. அனுமதி கொடுத்துவிட்டு வாடகை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஸமஸ்தானமே சொந்தமாக நிலையம் அமைக்கவேண்டும் என்ற முடிவுக்குத் திவான் வந்தார்.

அந்நாளில் இது சாதாரண முடிவல்ல. நம் தேசத்தில் டார்ஜிலிங்கில் 1897ல் ஒரு சிறிய நீர்மின் நிலையம் வந்திருந்தது. அவ்வளவுதான். சிவசமுத்திரத்திலிருந்து கோலாருக்கோ 92 மைல். இவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுபோவது உலகத்துக்கே புதிது. அது பழுதானால் மக்களின் வரிப்பணம் ஆற்றோடு போகும். பழியும் திவான் தலையில்தான் விழும்.

மைசூர் மராமத்து இலாகாவின் பொறியாளர் ஜோலி டி லோத்பினியேர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்டார். அங்குள்ள நிலையங்களைப் பார்த்து, நிபுணர்களைக் கலந்து, திட்டத்தை உறுதி செய்துகொண்டு திரும்பினார். மின்சார இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்தும், நீர்ச் சக்கரங்கள் ஸ்விட்ஸர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனியிலிருந்தும் வந்தன. மின்சாரத்தை விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சுரங்கக் கம்பெனிகளிடம் ஒப்பந்தமும் செய்துகொள்ளப்பட்டது. அதாவது சரக்குக்கு வாடிக்கையாளரை நிச்சயித்துக்கொண்டே கடை திறந்தார்கள். இன்றைக்கும் வெளிநாட்டு இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, அதை யாருக்காக ஓட்டுவது என்று பிறகு யோசிப்பவர்கள் உண்டு அல்லவா?

ரயில் போகாத காட்டுப் பாதையில் யானைகளும் மாட்டு வண்டிகளும் இயந்திரங்களைச் சுமந்தன. மலேரியா காய்ச்சலுக்கு நடுவே வேலை நடந்தது. 30-6-1902 அன்று 35,000 வோல்ட் மின்சாரம் கோலாரை அடைந்தது. ஆனால் அதைப் பார்க்கத் திவான் இல்லை. உடல் நலிந்து 1901ல் ஓய்வு பெற்ற அவர், 13-9-1901 அன்று, தமது 56ம் வயதில் காலமாகிவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோது என்னால் சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை.

அவர் தொடங்கியது அவரோடு நின்றுவிடவில்லை. 1905ல் பெங்களூர் தெருக்களில் மின் விளக்குகள் எரிந்தன. 1911ல் டாடா அறிவியல் நிலையத்தில் மின் தொழில்நுட்பத் துறை தொடங்கியது. அந்நிலையம் பெங்களூருக்கு வருவதற்கு முன்னின்று ஆதரவு தந்தவர்களில் சேஷாத்ரி ஐயரும் ஒருவர். சிவசமுத்திரத்துக்கு வருஷம் முழுதும் தண்ணீர் வேண்டும் என்ற தேவையும் சேர்ந்துதான் கிருஷ்ணராஜ ஸாகர் அணை எழுந்தது. 1917ல் விஸ்வேஸ்வரையா காலத்தில் பொறியியல் கல்லூரி வந்தது. முதலில் வெளிநாட்டார் கையில் இருந்த பொறுப்புகள் படிப்படியாக இந்நாட்டவர் கைக்கு வந்தன. விலைக்கு வாங்கிய வித்தை சொந்த வித்தையாயிற்று. கோலார் சுரங்கம் 2001ல் மூடப்பட்ட போதிலும், சிவசமுத்திரம் நிலையம் தொடர்ந்து மின்சாரம் தந்தது.

அவர் மீது குறைகளும் சொல்லப்பட்டன. யார் பேச்சையும் கேளாத பிடிவாதக்காரர் என்றார்கள். சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்களுக்கே பெரிய உத்தியோகங்கள் போகின்றன, மைசூர் மண்ணில் பிறந்தவர்களுக்கு இடமில்லை என்ற மனத்தாங்கல் பலமாக இருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதில் நியாயமும் இருந்தது. பிழைக்க வந்த ஊரில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதை நம்மைப் போன்றவர்கள் அவ்வப்போது நினைத்துப் பார்ப்பது நல்லது. சேஷாத்ரி ஐயர் வெளியூர்க்காரர்தான். ஆனால் அவர் அமைத்த நிலையம் இந்த ஊருக்கே சொந்தமாக நின்றது. ஊர் மக்களும் சேஷாத்ரிபுரம் என்ற பெயரிலும் கப்பன் பூங்காச் சிலையிலும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அந்தச் சிலையைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்று கைகூப்புங்கள். பேரன் பேத்திகள் உடன் வந்தால், இவர் யார் என்று சொல்லிக் கொடுங்கள். சிவசமுத்திரம் போனால் அருவியோடு திரும்பிவிடாமல் மின் நிலையத்தையும் காட்டுங்கள்.