மறைந்த பின் வந்த மகுடம்

கோலாலம்பூரின் மையப் பகுதியில் ஜாலான் பி. ரம்லி என்றொரு சாலை உண்டு. நம்மில் பலர் அவ்வழியே சென்றிருப்போம். அப்பெயருக்கு உரியவர் தம் இறுதிக் காலத்தில் இதே நகரில் வாய்ப்புகள் குறைந்து வாடியவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1929 மார்ச் 22இல் பினாங்கில் பிறந்தவர் ரம்லி. தந்தை சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்தவர். ஜப்பானியர் ஆட்சியில் பள்ளிப் படிப்பு தடைபட்டாலும் இசை அவரை விடவில்லை. வயலின் கற்றார், உள்ளூர்க் குரொஞ்சோங் குழுக்களுடன் மேடையேறினார். 1947இல் வானொலிப் பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றார்.

மறு ஆண்டு, புக்கிட் மெர்த்தாஜாம் விழா மேடையில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். ‘சிந்தா’ படத்தில் வில்லன் வேடமும் பின்னணி பாடும் வாய்ப்பும் கிடைத்தன. மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார்.

ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடம் ஒரு சிறு மலாயாவாகவே இருந்தது. முதலாளிகள் சீனரான ஷா சகோதரர்கள், இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியர், நடிகர்கள் மலாய்க்காரர்கள். ரம்லி அனைவரிடமும் கற்றார். குரொஞ்சோங், ஜோகெட், இந்துஸ்தானி, இலத்தீன் அமெரிக்கத் தாளம் எல்லாம் அவர் இசையில் கலந்தன.

இந்திய இயக்குநர்களே கோலோச்சிய காலத்தில், 1955இல் ‘பெனாரெக் பெச்சா’வை அவரே இயக்கினார். ரிக்‌ஷா இழுக்கும் ஓர் ஏழையின் கதை அது. ‘அனாக்கு சசாலி’யில் தந்தையாகவும் மகனாகவும் நடித்து, 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை வென்றார். ‘இபு மெர்த்துவாக்கு’ படத்துக்காக 1963இல் பன்முகத் திறனாளர் விருதும் கிடைத்தது. மொத்தம் 34 படங்களை இயக்கிய அவர், நூற்றுக்கணக்கான பாடல்களையும் தந்தார்.

1964இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு மாறினார். அங்கே வசதிகள் குறைவு. தொலைக்காட்சி வந்துவிட்டது. இளைஞர்களின் காது மின் கிதார் இசைக்குத் திரும்பியிருந்தது. நேற்று வரை கொண்டாடிய இரசிகர்களே அவரைப் பழையவர் என்று ஒதுக்கினர். 1972இல் வெளிவந்த ‘லக்சமானா தோ ரே மீ’ அவருடைய கடைசிப் படமானது. 1973 மே 29இல் மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 44 மட்டுமே!

பிறகு எல்லாம் வந்தன. 1982இல் சாலைக்கு அவர் பெயர். 1986இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகம். 1990இல் டான் ஸ்ரீ விருது. அவற்றில் ஒன்றைக்கூடப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

நண்பர்களே, நம் மண்ணின் தமிழ்க் கலைஞர்களையும் எண்ணிப் பார்ப்போம். உள்ளூர் நாடகத்திற்கு ஒரு நுழைவுச்சீட்டு, நம் எழுத்தாளரின் நூல் ஒரு பிரதி, நம் பாடகருக்குச் சங்க மேடையில் ஓர் இடம். இவை பெரிய செலவல்ல. மாலையைக் கழுத்தில் போடுவோம். படத்திற்குப் போடக் காத்திருக்க வேண்டாம்.