வாணத்தில் கடிதம் விடுத்த ஸ்டீபன் ஸ்மித்



ஆற்றின் இக்கரையில் ஒருவன், அக்கரையில் அவனுடைய உற்றார், இடையே பெருவெள்ளம். அந்நேரத்தில் ‘நலமாயிருக்கிறோம்’ என்ற ஒரு வரிக்கு உள்ள மதிப்பு பொன்னுக்கும் இல்லை. இதனை நான் நூலிலிருந்து கற்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. மித்தி ஆறு கரைபுரண்டது. ரயில்கள் நின்றன, தொலைபேசிகளும் ஓய்ந்தன. தாராவியில் நாங்கள், குர்லாவில் என் தமக்கையார். நாள்தோறும் நாட்டின் நான்கு திசைகளுக்கும் பார்சல்களைப் பதிந்து அனுப்பும் எழுத்தனாகிய என்னால், ஆற்றுக்கு அப்பால் ஒரு துண்டுக் காகிதத்தை அனுப்ப இயலவில்லை. மூன்றாம் நாள் தமக்கையார் நனைந்த சேலையுடன் வாயிலில் வந்து நின்றபோதுதான் என் தாயார் உணவைத் தொட்டார்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், அலுவலக நண்பர் ஒருவரின் தபால்தலைத் தொகுப்பில், இத்துயருக்கே மருந்து தேடிய ஒரு மனிதரின் உருவத்தைக் கண்டேன். அவர்தாம் ஸ்டீபன் ஹெக்டர் டெய்லர் ஸ்மித். தபால்தலை சேர்ப்போர் யாவரும் அறிந்த அப்பெயரை நம் சங்கத்து இளைஞரும் அறிதல் நலம் எனக் கருதி, அன்னாரது வரலாற்றைச் சுருங்க எழுதலானேன்.

ஸ்மித் 1891ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஷில்லாங்கில், ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆசன்சாலில் பள்ளி மாணவராயிருந்த காலத்திலேயே, தோழர்களுடன் கூடி வாணங்களில் ஓணான்களை வைத்துப் பள்ளியின் நீச்சற்குளத்துக்கு மேலே பறக்கவிட்டாராம். பிள்ளை விளையாட்டு என்று பெரியோர் ஒதுக்கியிருக்கக்கூடிய அச்செயலே பிற்காலத்தில் அவரது வாழ்க்கைப் பணியாயிற்று.

வளர்ந்தபின் அவர் கல்கத்தாவில் முதலில் சுங்க இலாகாவிலும், பின்னர் காவல் துறையிலும் உத்தியோகம் பார்த்தார். அதன் பிறகு பல் மருத்துவரானார். பொறியியற் கல்லூரியும் ஆராய்ச்சிக்கூடமும் அவருக்கு வாய்க்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தொழில், உள்ளத்துக்கு ஒரு வேட்கை என இரண்டையும் ஒருங்கே சுமந்தவர் அவர். நம்மில் பலரது நிலையும் இதுவே அன்றோ?

1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி யமுனையைக் கடந்து நைனிக்குக் கடிதப் பைகளைக் கொண்டு சென்றார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் எனப் போற்றப்படுவது அதுவே. அப்போது ஸ்மித்துக்கு வயது 20. வான்வழித் தபாலில் அவருக்கிருந்த ஆர்வம் ஆண்டுதோறும் பெருகியது. இந்திய விமானத் தபால் சங்கத்தின் செயலாளராகவும் அவர் விளங்கினார். எனினும் விமானம் இறங்க நிலம் வேண்டும். வெள்ளம் சூழ்ந்த சிற்றூருக்கும், பாலம் அறுந்த மலைக்கிராமத்துக்கும், கரை சேர இயலாத கப்பலுக்கும் யார் துணை? வாணமே துணை என அவர் துணிந்தார்.

வாணத்தின் இயல்பை நாம் தீபாவளியில் காண்கிறோம். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த மருந்து குழாயினுள் எரிகின்றது. அதனால் எழும் ஆவி பின்புறம் சீறிப் பாய்கின்றது. குழாய் முன்னோக்கி விரைகின்றது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாய்களில் இம்மருந்தை அடைத்து ஆங்கிலப் படையைக் கலங்கச் செய்ததையும் நாம் அறிவோம். ஆனால் கடிதம் சுமக்கும் வாணம் அழிக்கக்கூடாது; அடங்கி இறங்க வேண்டும். மருந்து சற்றே பிளவுபட்டிருப்பினும் நெருப்பு ஒரே கணத்தில் பரவி வாணம் வெடித்துவிடும். அருமை இங்கேதான் இருந்தது.

ஆஸ்திரியாவில் பிரீட்ரிக் ஷ்மீடல் 1931இல் மலையிலிருந்து கடித வாணம் விடுத்து வெற்றி கண்டார். 1934 ஜூலையில் ஸ்காட்லாந்துத் தீவொன்றில் ஜெர்ஹார்ட் சுக்கர் என்னும் ஜெர்மானியர் விடுத்த வாணமோ வெடித்துச் சிதறியது. அடுத்த இரண்டு திங்களில், செப்டம்பர் 30ஆம் நாள், ஸ்மித் தம் முதற் கடித வாணத்தைக் கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி ஏவினார். அதுவும் நடுவானில் வெடித்தது. கடிதங்கள் நாற்புறமும் சிதறின. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை மீட்கப்பட்டன. வேறொருவராயின் அன்றே கைகழுவியிருப்பர். ஸ்மித்தோ அடுத்த வாணத்துக்கு ஆயத்தமானார்.

1935ஆம் ஆண்டு அவரது வாழ்வின் பொன்னாண்டு எனலாம். அக்காலத்தில் தனிச் சமஸ்தானமாயிருந்த சிக்கிமின் மன்னர் தாஷி நம்கியால் அவருக்கு ஆதரவளித்தார். ஏப்ரலில் கேங்டாக் பகுதியின் மலையாறுகளுக்கு மேலே கடிதங்கள் பறந்தன. தேயிலை, சர்க்கரை போன்ற பொருள்களடங்கிய சிறு பார்சலும் ஆற்றைக் கடந்தது. பார்சல் எழுத்தனாகிய எனக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

மே 31ஆம் நாள் குவெட்டாவைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. ஒரு வாரத்துக்குள், ஜூன் 6ஆம் நாள், ஸ்மித் தானியமும் மசாலைப் பொருள்களும் பீடியும் வைத்த வாணத்தை ரூப்நாராயண் நதிக்கு மேலே செலுத்தினார். அல்லற்படுவோருக்கு இவ்வழியிலும் உணவு சேர்க்கலாம் என்று நாட்டுக்குக் காட்டுவதே அவரது நோக்கம். ஜூன் 29ஆம் நாள் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் வாணத்தில் ஏறித் தாமோதர் நதியைக் கடந்து உயிருடன் இறங்கின. ஆதாம், ஏவாள் என்பன அவற்றின் பெயர்கள். 1937இல் டில்லியில் கூடிய சாரணர் பெருவிழாவிலும் அவருடைய கடித வாணங்கள் பறந்தன.

1944 வரை அவர் விடுத்த வாணங்கள் ஏறத்தாழ 270 என்பர்; அவற்றுள் 80க்குக் குறையாதவை கடிதம் சுமந்தவை. இத்தனையும் செய்தும், வாணத் தபால் நிலையானதொரு சேவையாகவில்லை. விமானங்கள் பெருகின, சாலைகளும் பாலங்களும் பெருகின. 1951ஆம் ஆண்டு பிப்ரவரியில், 60ஆம் பிறந்தநாளை ஒட்டி, கல்கத்தாவில் அவர் மறைந்தார். 12 ஆண்டுகள் சென்று, 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாக் கடற்கரையிலிருந்து ஆராய்ச்சி ராக்கெட் விண்ணில் எழுந்ததை அவர் காணவில்லை. 1992இல் இந்தியத் தபால் துறை அவரது நூற்றாண்டு நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. தபாலுக்காகவே உழைத்தவருக்கு அதனினும் பொருத்தமான சிறப்பு யாதுளது?

அவர் தோற்றவர்தாமா? நான் அவ்வாறு கருதேன். அவர் தேர்ந்த கருவி நிலைக்கவில்லை. அவர் எழுப்பிய கேள்வி நிலைத்தது. துண்டிக்கப்பட்ட மனிதனுக்கு ஒரு வரியும் ஒரு பிடி அரிசியும் எவ்வாறு சேர்ப்பது என்பதே அக்கேள்வி. 2005இன் வெள்ளத்தில் நின்ற எவரும் அதனைச் சிறிதென்று எண்ணமாட்டார்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். ஸ்மித்தைப் பின்பற்றுகிறோம் என்று வீட்டில் வெடிமருந்து இடிக்கப் புகாதீர். நம் குடியிருப்புகளின் நெருக்கத்தில் ஒரு பொறி போதும். அவர் அதிகாரிகளின் இசைவு பெற்று, வாணத் தொழிலறிந்தோரின் துணைகொண்டு, கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் சோதித்தவர். பின்பற்ற வேண்டியது அவரது பொறுமையை; சிதறிய கடிதங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த வாணத்தை ஆயத்தம் செய்த அந்நெஞ்சுறுதியை. பட்டமும் பதவியும் பெறாதார்க்கும் அது கைவரும்.

வாழ்க ஸ்மித்தின் நினைவு!