குண்டின் வேகத்தை ரிப்பனால் அளந்தவர்

மரக்கட்டை ஒன்று தொங்குது. குண்டு அதில் புதைந்ததும் கட்டை ஆடுது. ஆடிய தூரத்தை வைத்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடி. மொமெண்டம் பாடத்தில் இந்த பாலிஸ்டிக் பென்டுலம் கணக்கை எல்லாரும் போட்டிருப்பீங்க. மார்க் வாங்கிட்டு மறந்தும் போயிருப்பீங்க. அதை முதலில் செய்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் கதை இங்கிலாந்தில் தொடங்கி, நம்ம கடலூரில் முடியுது.

ராபின்ஸ் பிறந்தது 1707இல், பாத் என்ற ஊரில். அப்பா தையல்காரர், வசதி கிடையாது. குடும்பம் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தது. குவேக்கர்கள் போரையே ஏற்காதவர்கள். அந்த வீட்டுப் பையன்தான் பின்னாளில் பீரங்கி அறிவியலையே மாற்றினார். கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். 20 வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினர். நாம இன்டர்ன்ஷிப்புக்கு மெயில் போட்டுக்கிட்டு இருக்கும் வயசு அது!

1741இல் வூலிச்சில் ராணுவ அகாடமி ஆரம்பிச்சாங்க. அங்கே பேராசிரியர் ஆகணும்னு ராபின்ஸ் ஆசைப்பட்டார். ஆனால் அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் பிரதமர் வால்போலின் அரசை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதியிருந்தார். வேலை வேறொருவருக்குப் போயிடுச்சு. அவர் ஓய்ந்து உட்காரவில்லை. பாடம் நடத்தச் சேர்த்து வைத்திருந்த விஷயங்களை 1742இல் பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் பற்றிய புத்தகமாகக் கொண்டு வந்தார்.

அப்போதைய நிலைமை என்னன்னு பாருங்க. கலிலியோ காலத்திலிருந்து, குண்டு பரவளையப் பாதையில் போகும் என்பதுதான் பாடம். காற்று ரொம்ப லேசு, குண்டு ரொம்ப கனம், அதனால் காற்றுத் தடையை விட்டுடலாம். நம்ம கேள்வித்தாளில் இன்னைக்கும் அதே வரி இருக்கு, இல்லையா? அது சரியா தப்பான்னு சொல்ல முதலில் குண்டின் வேகம் தெரியணும். அங்கேதான் சிக்கல். துப்பாக்கிக் குண்டு 50 அடியைக் கடக்க ஆகும் நேரம் சுமார் 0.03 நொடி. இப்போ ரெண்டு சென்சார் வைத்த குரோனோகிராஃப் அதை அலட்டாமல் அளந்திடும். 1740களில் அந்த நேரத்தைப் பிடிக்க எந்தக் கடிகாரமும் கிடையாது.

ராபின்ஸ் நேரத்தை அளக்கும் முயற்சியையே விட்டுட்டார். வேகமான ஒன்றை அளக்க முடியலையா? அதை மெதுவான ஒன்றாக மாத்திடு. இதுதான் அவர் யோசனை. முக்காலியில் ஒரு இரும்புப் பென்டுலம், அதன் முகத்தில் மரப்பலகை. பென்டுலம் சுமார் 56 பவுண்டு, குண்டு ஒரு பவுண்டில் 12இல் ஒரு பங்கு. அதாவது 670 மடங்கு வித்தியாசம். குண்டு புதைந்ததும் மொமெண்டம் முழுக்கப் பென்டுலத்துக்குப் போகும். வேகமோ நொடிக்கு 1600 அடிக்கு மேல் இருந்தது, ஏறக்குறைய இரண்டரை அடியாக இறங்கிடும். நாம நடப்பதைவிட மெதுவு! பென்டுலத்தின் அடியில் ஒரு ரிப்பன் கட்டியிருக்கும். ஆட்டத்தில் எவ்வளவு ரிப்பன் வெளியே இழுபட்டதோ, அதுதான் ரீடிங்.

மோதலில் ஆற்றலின் பெரும்பகுதி மரத்தை உடைத்தும் சூடாக்கியும் போயிடும். அதனால் முதல் படியில் ஆற்றல் சமன்பாடு போட்டால் விடை தப்பு. மொமெண்டம் மட்டும்தான் அங்கே கைகொடுக்கும். தேர்வில் பலரும் வழுக்கும் இடம் இது.

அதோட பென்டுலத்தை நகர்த்தி வைத்தும் பார்த்தார். துப்பாக்கியிலிருந்து 25 அடியில் வேகம் நொடிக்கு 1670 அடி. 75 அடியில் 1550. 125 அடியில் 1425. நீங்களே கணக்கு போடுங்க: முதல் 50 அடியில் 120 குறைஞ்சிருக்கு. சராசரி வேகம் 1610. பெருக்கி 50ஆல் வகுத்தால், வேகத் தளர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 120 மடங்கு! விட்டுடலாம்னு சொன்ன காற்று, குண்டின் எடையைப் போல 120 மடங்கு விசையில் அதைப் பின்னால் தள்ளிக்கிட்டு இருந்தது. பரவளையக் கணக்குப்படி அந்தக் குண்டு 45 டிகிரியில் 26 கிலோமீட்டர் போகணும். நிஜத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது.

புத்தகத்தில் பென்டுலக் கணக்கில் ஒரு விடுபடல் இருந்தது. அடுத்த ஆண்டே ராயல் சொசைட்டி இதழில் ராபின்ஸ் அதைத் திருத்தினார். அது தெரியாமலே, 1745இல் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்த ஆய்லரும் தனியாக அதே இடத்தைத் திருத்தினார். ஆமாம், நம்ம மேத்ஸ் பேப்பர் முழுக்க வரும் அதே ஆய்லர்தான். ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் காற்றுத் தடை திடீர்னு எகிறுவதையும் ராபின்ஸ் கவனித்திருந்தார். சூப்பர்சானிக் என்ற வார்த்தையே இல்லாத காலம் அது. 1746இல் காப்ளி பதக்கம் கிடைத்தது. பின்னாளில் நெப்போலியன் இளம் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தபோது, அவரும் இந்தப் புத்தகத்தைக் குறிப்பெடுத்துப் படித்தார்.

வேலை தராத ஊரில் இவ்வளவு பேர் வாங்கிய பிறகு, கிழக்கிந்திய கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக எடுத்தது. மதராஸை 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, பிறகு திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்குக் கோட்டைகளைப் பலப்படுத்த ஆள் வேணும். 1750 ஜூலையில் ராபின்ஸ் வந்து இறங்கினார். மறு வருஷம் 1751 ஜூலை 29ஆம் தேதி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். வயசு 44.

அந்தக் கோட்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1690இல் கம்பெனி அதை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. சுட்டார்கள், குண்டு எட்டிய இடம் வரை ஊர்கள் கைமாறின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்னைக்கும் அதைச் சொல்லுது. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்கு ராபின்ஸ் தந்த பதில் நேர்மையானது. ஆனால் அந்தப் பதிலால் யாருடைய நிலம் போகும், யாருக்குக் கிடைக்கும் என்பதை எந்தப் பென்டுலமும் காட்டாது.

அடுத்த தடவை கேள்வித்தாளில் காற்றுத் தடையைப் புறக்கணி என்று பார்த்தால், கணக்கைப் போடுங்க, மார்க் வாங்குங்க. வெளியே வந்ததும் ஒரு நிமிஷம் அந்த 120ஐ நினைச்சுக்கோங்க. புராஜெக்டில் நாம எதை விட்டுடலாம்னு எழுதுறோமோ, அதை ஒரு தடவையாவது அளந்து பார்த்துட்டு எழுதுவோம்.