இணைப்பின் அருமை அறிந்தவர்

கல்லூரிக்கு வர நான் நாள்தோறும் இரண்டு பேருந்துகள் ஏறுகிறேன். முதல் பேருந்து இறக்கிவிடும் இடம் ஒன்று. இரண்டாவது புறப்படும் இடம் வேறொன்று. இடையே கால்மணி நேர நடை. சென்ற பருவத் தேர்வின் முதல் நாள், ஓடிச் சென்றும் பேருந்தைத் தவறவிட்டு, அரைமணி தாமதமாகத் தேர்வறைக்குள் நுழைந்தேன். எழுதாமல் விட்ட கடைசி வினா இன்றும் உறுத்துகிறது. அந்த வருத்தத்தோடு நூலகத்தில் புரட்டியபோது அறிமுகமானவர்தான் பாரிஸ் சுரங்க ரயிலின் தந்தை ஃபுல்ஜான்ஸ் பியன்வென்யு.

1852-ஆம் ஆண்டு பிரான்சின் பிரித்தனிப் பகுதியில், உசெல் என்னும் சிற்றூரில், பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். பொறியியல் பயின்று அரசுப் பணியில் சேர்ந்தார். 1881-இல் ரயில் பாதைப் பணியின்போது நேர்ந்த விபத்து அவரது இடக்கையைப் பறித்தது. அப்போது வயது இருபத்தொன்பதுதான். வேறொருவராயின் மூலையில் முடங்கியிருப்பார். அவரோ எஞ்சிய ஒரு கையோடு பாரிஸ் மாநகரின் அடியில் ஒரு புதிய நகரையே அமைக்கத் துணிந்தார்.

1898-இல் தொடங்கிய முதல் பாதை, 1900 ஜூலை 19 அன்று திறக்கப்பட்டது. இரண்டாம் வகுப்புக் கட்டணம் 15 சான்டீம். ஒரே சீட்டில் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். சேன் ஆற்றங்கரையின் ஈரமண்ணில், குளிர்ந்த உப்புக் கரைசலைக் குழாய்களில் செலுத்தி, மண்ணையே உறையவைத்துக் குடைந்தார்கள்.

என்னைப் பெரிதும் கவர்ந்தது ஒபரா நிலையம். மூன்று பாதைகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடுகின்றன. முதற்பாதை 1904-இல் ஓடத் தொடங்கியது. மற்றவை 1910-லும் 1913-லும்தான் வந்தன. ஆயினும் மூன்றும் கடக்கும் இடத்தை முன்கூட்டியே ஒரே கட்டுமானமாக எழுப்பிவிட்டார்கள். இனி வரப்போகும் பயணிக்கும் அன்றே வழி வைத்த தொலைநோக்கு அது!

1933-இல் மேன் அவென்யூ நிலையத்திற்கு அவர் பெயரைச் சூட்டினர். 1936-இல் அவர் மறைந்தார். அந்நிலையமோ, அருகிலிருந்த மோன்பார்னாஸ் நிலையத்தோடு இணையாமல் தனித்தே நின்றது. 1942-இல்தான் நீண்ட சுரங்க நடைவழி இரண்டையும் சேர்த்தது. இன்று நான்கு பாதைகள் அங்கே கூடுகின்றன. முன்பே எண்ணாத இணைப்பைப் பின்னால் சேர்த்தால், அதன் விலையைப் பயணியின் கால்களே கொடுக்கின்றன. இணைப்புக் கலையின் வல்லுநர் பெயரைத் தாங்கிய நிலையமே இதற்குச் சான்றாவது விந்தையன்றோ!

அவர் பெயரின் ஒலியையொத்த பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நல்வரவு' என்று பொருள். நண்பர்களே, நாளை நம்மில் சிலர் ஊர்களைத் திட்டமிடும் பொறுப்பில் அமரலாம். பாதை போடுமுன், அது அடுத்த பாதையைச் சந்திக்கும் இடத்தில் மூட்டையோடு நிற்கும் மனிதரை ஒருகணம் நினைப்போம். அவருக்கு நாம் கூறும் நல்வரவு அதுவே.